இன்னும் ஒன்பது நாள்

சோதனைப் பதிப்பு முடிய
இன்னும் ஒன்பது நாள் என்கிறது
திரையின் மூலையில் ஒரு சின்னப் பட்டை.
வெளியே காட்பாடி. மே மாதம். பகல் பதினொன்று.
மடிக்கணினிக்கு அடியில், காற்றுப் போக,
கவிழ்த்து வைத்த இட்லித் தட்டு.

வரைவது ஒரு கைப்பிடி.
மறுபடி நடக்கப் பழகுகிறவர்கள் பிடிக்கும்
வாக்கருக்கு.
ஆஸ்பத்திரித் தெருவில் அவற்றை நாள் வாடகைக்கு விடும்
ஹபீபுல்லா கேட்டது இவ்வளவுதான்:
"வேர்த்தாலும் வழுக்கக் கூடாது.
இப்ப இருக்கறது ரெண்டே மாசத்துல பிசுபிசுன்னு ஆயிடுது."

முதல் மென்பொருளுக்கு எல்லாம் ஞாபகம்.
என்றோ போட்ட கோடு, அதன்மேல் எழுப்பிய உருளை,
உருளையில் குடைந்த துளை,
அத்தனையும் இடப்பக்கம் வரிவரியாக,
கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி.
விட்டம் முப்பத்திரண்டை முப்பத்து நாலாக்கினேன்.
பதினேழு வரி சிவந்தது.
எது எதை நம்பி நின்றது என்று
அதற்குத் தெரிந்திருக்கிறது.
எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டாவதற்கு ஞாபகமே கிடையாது.
பரோட்டா மாவு. இழுத்த பக்கம் வரும்.
கட்டைவிரல் உட்காரும் பள்ளத்தை
அரை மணியில் அழுத்திவிட்டேன்.
அழகு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
புது வளையல் போட்ட கையைப் பார்ப்பதுபோல.
எத்தனை மில்லிமீட்டர் என்றால் மட்டும்
பேச்சை மாற்றுகிறது.
சேமிக்கப் போனால் எச்சரிக்கை:
உருவம் மூடவில்லை, தண்ணீர் கசியும்.
பாலாற்றங்கரையில் வளர்ந்தவளிடம்
தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது.

மூன்றாவது இலவசம்.
எழுதியவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும்.
விளிம்புகளை மழுக்கச் சொன்னேன்.
இருபத்தேழில் இருபத்தாறை மழுக்கிவிட்டு
கடைசி ஒன்றில் உயிரை விட்டது.

பியூலா விலைப்பட்டியலை உரக்க வாசித்தாள்.
"வருஷச் சந்தாடி. வாங்கறது இல்ல, வாடகை.
கட்டலைன்னா நம்ம கைப்பிடிய நாமளே தெறக்க முடியாது."
ஹபீபுல்லாவிடம் இருப்பதும் வாடகைதான்.
ஆனால் அங்கே
திருப்பிக் கொடுத்தவர்
சொந்தக் காலில் நடந்து போய்விடலாம்.

திருவலம் வழியாக ராணிப்பேட்டைக்குப் பஸ்.
அச்சு செய்யும் முனிரத்தினம்
மூன்று கோப்பையும் திறந்து பார்த்தார்.
எதில் வரைந்தாய் என்று கேட்கவே இல்லை.
"சாய்வு இன்னா வச்சிருக்கே? ஒண்ணுமில்ல.
அச்சுக்குள்ள போவும். வெளிய எப்டி வரும்?
ஒன்றரை டிகிரி குடு. அப்புறம் எதுல வேணா போடு."
மூன்றில் ஒன்றாவது என்னிடம்
இதைச் சொல்லியிருக்கலாம்.
நானும் கேட்கவில்லை.

பையில் இன்னொன்று இருந்தது.
குழாய்த் துண்டின் மேல் அப்பிய எம்-சீல்.
மால்டாவிலிருந்து வந்து, லாட்ஜ் மாடியில்
நாற்பது நாளாகத் தங்கியிருக்கும் ஒருவர்
ஈரம் காயுமுன் அழுத்திப் பிடித்துக் கொடுத்தது.
முனிரத்தினம் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.
கட்டைவிரல் இருந்த இடத்தில்
ரேகைகூடச் சரியாக விழவில்லை.
பள்ளமெல்லாம் உள்ளங்கையின் அடிமேட்டில்.
ஆள் முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் தப்பு இது கடைசியாக இருக்காது.
மால்டாக்காரருக்குப் பிறகு
சின்னக் கை உள்ள ஒருவர் வருவார்,
இரண்டு விரல் இல்லாத ஒருவர் வருவார்.
ஒவ்வொரு முறையும் முதல் கோட்டுக்குப் போக வேண்டும்.
பியூலாவிடம் சொன்னேன்: "மொய் நோட்டுதான்."
அவள் பெருமூச்சு விட்டு
ஏசி வாங்க வைத்திருந்த பணத்தை எண்ணினாள்.

ராத்திரி மின்சாரம் வந்தபோது
பட்டையில் எட்டு நாள் என்றிருந்தது.
இட்லித் தட்டு இன்னும் சூடு.
கைப்பிடியை அழித்தேன்.
உள்ளங்கையின் அடிமேட்டிலிருந்து ஆரம்பித்து
பதினான்கு வரி வளர்ந்ததும்
விட்டத்தை மாற்றிப் பார்த்தேன்.

சிவந்தது.
எண்ணினேன். நாலு.